தெப்பக்குளக் கரையில் ஒரு கணக்குப் பாடம்

திருச்சிராப்பள்ளி நமக்குப் புதிய ஊர் அன்று. மருத்துவமனையில் படுத்திருக்கும் பங்கு மக்களைச் சந்திக்கவும், பலிபீடத்துக்கு வேண்டிய மெழுகுதிரிகள் வாங்கவும், உடன் பயின்ற குருக்களின் வெள்ளி விழாக்களில் கலந்துகொள்ளவும் ஆண்டுக்குப் பத்து முறையேனும் சென்று வருகிறோம். எனினும், அந்நகரின் தெருக்களை விலை கேட்டுக்கொண்டே நடந்து பார்க்கத் தொடங்கியது 2023ஆம் ஆண்டிலிருந்துதான். அவ்வாண்டு முதல் ஒவ்வொரு ஜூன் திங்களிலும், பிளஸ் டூ தேறித் திருச்சிக் கல்லூரிகளில் இடம் பெற்ற நம் பங்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் அங்கே சுற்றித் திரும்புகிறோம். மலைக்கோட்டையும் திருவரங்கத்துக் கோபுரமும் அன்றைய பயணத்தில் இடம்பெறா. தேநீர்க் கடையும் வாடகை அறையும் காய்கறிச் சந்தையும் இடம்பெறும்.

2025ஆம் ஆண்டில் அந்தச் சனிக்கிழமை ஜூன் 21ஆம் நாளாக அமைந்தது. மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியாரின் திருநாள் அது. பிள்ளைகள் ஒன்பது பேர். ஐவர் ஆண்கள், நால்வர் பெண்கள். துணைக்கு இரண்டு தாய்மார்களும் ஒரு தந்தையும் வந்திருந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும் கொடுத்தோம். வீடு திரும்பும் வரை செலவழிக்கும் ஒவ்வொரு காசையும், செலவழிக்காவிட்டாலும் கேட்டறியும் ஒவ்வொரு விலையையும் அதில் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

நம் பங்கு அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தாண்டி, கீழப்பழுவூர், புள்ளம்பாடி, இலால்குடி என்று பேருந்து செல்லச் செல்ல, வறண்ட மண் மெல்லப் பச்சைக்கு மாறும். மேட்டூர் அணையை அந்த ஜூன் 12ஆம் நாள் திறந்திருந்தார்கள். கொள்ளிடம் வெறும் மணலாய்க் கிடக்க, அடுத்து வந்த காவிரியில் புது நீர் ஓடிக்கொண்டிருந்தது. பேருந்தில் பாதிப் பேர் எழுந்து நின்று அதைப் பார்த்தார்கள். நடத்துநரிடம் பயணச்சீட்டு வாங்கியபோதே நம் மாணவி ஒருத்தி முதல் வரியை எழுதிவிட்டாள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னரே பென்சிலைத் தேடினார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தெப்பக்குளத்தை நோக்கி நடந்தால், தூய லூர்து அன்னை ஆலயத்தின் ஊசி போன்ற கோபுரம் கண்ணுக்குத் தெரியும். அதன் அருகிலேயே தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் சேசு சபைக் குருக்களால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. சற்றுத் தள்ளி, 1923இல் தோன்றிய சிலுவைக் கல்லூரி. அந்த வட்டாரம் முழுவதும் நூறாண்டுகளுக்கு மேலாக மாணவர்களால் வாழ்கிறது. மாணவர்களும் அவ்வட்டாரத்துக் கடைகளால் வாழ்கிறார்கள், சில வேளை கெடுகிறார்கள்.

திருப்பலி முடிந்தபின் கல்லூரி வாயிலருகே பிள்ளைகளை நிறுத்தி, அங்கே படித்த ஒருவரைப் பற்றிச் சொன்னோம். இராமேசுவரத்திலிருந்து 1950இல் வந்து, 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றுச் சென்ற அப்துல் கலாம் அவர்கள்தாம். அவரைக் குடியரசுத் தலைவராகவும் ஏவுகணை விஞ்ஞானியாகவும் எல்லாரும் அறிவர். அவர் இங்கே விடுதியில் சைவ உணவுக்கூடத்தின் செயலராகப் பொறுப்பு வகித்தார் என்பதைப் பலர் அறியார். மேற்படிப்புக்குச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி சோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த நகைகளைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தால் மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த தாய்மார்களுள் ஒருவர் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டதை நாம் கவனித்தோம். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்தது. அந்தத் தாயைப் பற்றிப் பின்னர் எழுத வேண்டியிருக்கிறது.

தேநீர்க் கடைக்கு வந்தோம். ஒரு தேநீர் 12 ரூபாய். "நாளைக்கு எத்தனை குடிப்பாய் தம்பி?" என்று ஒருவனைக் கேட்டோம். "ரெண்டுதான் ஃபாதர், அதுக்கு மேல பழக்கம் இல்லை" என்றான், நல்லொழுக்கத்தைச் சொல்பவன் போல. பெருக்கச் சொன்னோம். நாளைக்கு 24, முப்பது நாளுக்கு 720. அவன் நோட்டைத் திருப்பிப் பார்த்தான், மறுபடியும் பெருக்கினான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சாமி, யாவாரத்தைக் கெடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றார். கெடுக்கவில்லை, நாமும் ஒன்று வாங்கிக் குடித்தோம்.

அடுத்து, மாணவர்களுக்கு அறை விடும் சந்துகளில் நுழைந்தோம். ஒரு மாடி வீட்டில், மூவர் தங்கக்கூடிய அறைக்கு வாடகை 4,500 ரூபாய்; மின்சாரமும் தண்ணீரும் தனி. வீட்டுக்கார அம்மையார் முன்பணமாக மூன்று மாத வாடகை கேட்டார். அதாவது 13,500 ரூபாய். அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் பணம் என்றாலும், சேரும் மாதத்தில் கையில் இருந்தாக வேண்டும். பிள்ளைகளில் எவருக்கும் முன்பணம் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை. பதினேழு வயது வரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு வீடு என்பது விலையில்லாப் பொருள் போலவே தோன்றும். வெள்ளையடித்த சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, கீழ்க்கதவு இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும் என்றெல்லாம் அந்த அம்மையார் சொன்ன நிபந்தனைகளைப் பிள்ளைகள் நாடகம் பார்ப்பதுபோலக் கேட்டார்கள். நாம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே: "முன்பணத்துக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா?" தருவதாகச் சொன்னார்.

மெஸ் ஒன்றில் மூன்று வேளை உணவுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றார்கள். சாப்பாடு குறை சொல்லும்படி இல்லை. சுவரில் தொங்கிய அட்டையை உரக்கப் படிக்கச் சொன்னோம். ஞாயிறு மாலை விடுமுறை என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஞாயிறு இரவுகளின் வெளிச் சாப்பாட்டுக்கும் அதையொட்டிய தின்பண்டங்களுக்கும் மாதம் 400 ரூபாயாவது போய்விடும் என்று, முன்னர் இங்கே தங்கிப் படித்த பிள்ளைகள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் அந்தச் சாலையில் சனிக்கிழமை நண்பகலில் நடப்பது, திருவிழாத் தேருக்குப் பின்னால் நடப்பது போன்றது. அங்கே ஒரு பிள்ளை தன் கைப்பேசியைக் காட்டிக் காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினான். 349 ரூபாய். காசு கைமாறவில்லை, சில்லறை திரும்பவில்லை, கணீரென்று ஒரு குரல் மட்டும் தொகையை அறிவித்தது. நோட்டில் எழுத மறந்துவிட்டான். நாம் கடிந்துகொள்ளவில்லை. ஆனால், கைப்பேசியிலேயே பழைய கணக்கு இருக்குமே, மே மாதம் முழுவதும் எவ்வளவு செலுத்தியிருக்கிறாய், பார் என்றோம். "ஆயிரம் இருக்கும் ஃபாதர்" என்றான். நடைபாதை ஓரம் நின்று இருவர் கூட்டினார்கள். அறுபத்து மூன்று சிறு தொகைகள், பெரும்பாலானவை ஐம்பது ரூபாய்க்கும் குறைவானவை, மொத்தம் 2,870. அவ்வளவும் வீட்டில் இருந்த விடுமுறைக் காலத்துச் செலவு.

2016இல் இந்தக் கைப்பேசிப் பணமுறை வந்தபோது நாமும் ஐயத்தோடுதான் பார்த்தோம். இன்று நம் ஆலய உண்டியலருகிலும் அந்தச் சதுரக் கட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அதைச் சபிக்கும் தகுதி நமக்கு இல்லை. அதில் ஒரு நன்மையும் உண்டு: மறந்துபோனதை அது எழுதி வைத்திருக்கிறது. தீமை என்னவென்றால், பணம் குறைவதைக் கை உணர்வதில்லை. மடியில் முடிந்து வைத்த பணம் எடுக்க எடுக்க இளைக்கும். நம் பாட்டிமாருக்கு அதுவே கணக்கு.

காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைவிடப் பெற்றோர்களே உற்சாகமானார்கள். கத்தரிக்காய் விலையைக் கேட்டு ஒரு தாய் அடைந்த கோபம், தம் ஊரில் அதையே என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று அவர் அறிந்திருந்ததால் வந்த கோபம். துணைக்கு வந்த தந்தை விவசாயி. புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடைப் பகுதியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றபோது, அதுவரை வாய் திறவாத அவர் தம் மகனிடம் பேசினார்.

"தண்ணி தொறந்தா மொத மடைக்காரன் என்ன செய்யிறான்? வயல் நெறைஞ்சி வழியிற வரைக்கும் விடுறான். அவன் கெட்டவன் இல்லைடா. தண்ணி வந்துக்கிட்டே இருக்கும்னு நெனைக்கிறான். கடைமடைக்கு வந்து சேரும்போது சேறுதான் இருக்கு. உனக்கு மாசம் பொறந்தா மொத வாரம் மொத மடை. இருவத்தஞ்சாந் தேதி இருக்கே, அது நம்ம வயலு."

நாம் எட்டு ஆண்டுகள் குருமடத்தில் படித்தவர்கள். மெய்யியலும் இறையியலும் கற்றோம். ஒரு வீட்டை மாதம் முழுவதும் நடத்துவது எப்படி என்று கற்கவில்லை. அதைப் பொருளாளர் தந்தை பார்த்துக்கொண்டார். உதவிப் பங்குத்தந்தையாகப் போன முதல் ஊரில், இருபதாம் தேதிக்குமேல் சமையற்காரரிடம் கடன் சொல்லிய மாதங்கள் உண்டு. இந்த விவசாயி சொன்ன சொல்லை அந்நாளில் எவரேனும் நமக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். முறை வைத்துப் பாசனம் செய்வதுபோல, மாதப் பணத்தை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கையில் எடுப்பது என்று பிள்ளைகள் தாமாகவே அங்கே முடிவு செய்தார்கள். உடனே ஒருத்தி மறுத்தாள்: மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்தால், இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு என்ன செய்வது? ஐந்தாகப் பிரிப்பதே சரி என்றாயிற்று.

வெயில் ஏறிவிட்டது. பாலக்கரை உலக மீட்பர் பசிலிக்காவுக்கு நடந்தோம். சகாய மாதா கோயில் என்றே மக்கள் அதை அழைப்பார்கள். அதன் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டபின், கணக்கு எழுதத் தொடங்கினோம். லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதாக ஆண்டவர் சொல்கிறார் அல்லவா? உட்கார்ந்து என்னும் சொல்லை நாம் மிகவும் மதிக்கிறோம். நடந்துகொண்டே போடும் கணக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது.

விவசாயியின் மகன் கணக்கையே எடுத்துக்கொண்டோம். வீட்டிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வரும். அவன் அரசுப் பள்ளியில் படித்தவன். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எதிர்பார்க்கிறான். பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம் இருப்பதுபோல இது. ஆக வரவு 6,000. அரசுப் பணம் வங்கியில் ஏறிய பின்னரே வரவாக எழுத வேண்டும், வருமென்று எண்ணி முன்னரே செலவிடக் கூடாது என்று சொல்லி வைத்தோம்.

செலவை அவனே எழுதினான். வாடகைப் பங்கு 1,500, மின்சாரம், தண்ணீர் 150, மெஸ் 3,000, ஞாயிறு இரவுகள் 400, மாதம் இரு முறை வீட்டுக்கு வந்துபோக 240, கைப்பேசி 300, நோட்டு, நகல் எடுக்க 200, சோப்பு, எண்ணெய், முடிவெட்ட 250. கூட்டினால் 6,040. ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கவில்லை. அதற்குள் நாற்பது ரூபாய் குறைந்துவிட்டது.

அங்கே நிலவிய அமைதியை நாம் விரும்பினோம். பல வீடுகளில் இந்த அமைதி கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில், தொலைபேசியின் இரு முனைகளிலும் வருகிறது. அப்போது ஒன்றும் செய்ய இயலாது. இப்போது செய்யலாம். இரவு உணவை அறையிலேயே மூவரும் சமைத்துக்கொண்டால், மெஸ் 2,100க்கு இறங்கும். காய்கறி, எரிபொருள் பங்கு 350 கூடும். அரிசி வீட்டிலிருந்து வரும். தேநீர் நாளைக்கு ஒன்று, மாதம் 360. இப்போது மொத்தம் 5,850. மீதி 150ஐத் தேர்வுக் கட்டணத்துக்கென்று மாதந்தோறும் தனியே போட்டு வைக்க வேண்டும். கணக்கு 6,000த்தில் நின்றது. தந்தையின் முகம் தெளிந்தது. ஆனால் மகன் முகம் சுருங்கியது: நகரத்து விடுதி நண்பர்கள் நடுவே அரிசி மூட்டையோடு போய் இறங்குவதா?

புனித தொன் போஸ்கோவைப் பற்றி அவனுக்குச் சொன்னோம். இத்தாலியில் கியேரி என்னும் சிற்றூரில் 1831 முதல் அவர் தங்கிப் படித்தார். தாய் மார்கரீத்தாள் மகனின் உணவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானியமாகவே கொடுத்தார். மகன் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்து, இரவில் படித்தார். "அரிசிக்கும் விலை போட்டு எழுது தம்பி. வரவில் ஒரு பக்கம், செலவில் ஒரு பக்கம். உன் அப்பா கொடுப்பது 5,000 மட்டும் அன்று என்பது அப்போதுதான் நோட்டில் தெரியும்" என்றோம். எழுதினான்.

பேருந்தில் முதல் வரி எழுதிய அந்த மாணவி அப்போது குறுக்கிட்டாள். "ஃபாதர், கைப்பேசிக்குப் போட்ட கணக்கு தப்பு. ரீசார்ஜ் இருபத்தெட்டு நாளைக்குத்தான். வருசத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதிமூன்று." உண்மைதான். 300 வீதம் பதிமூன்று முறை 3,900 ரூபாய், மாதத்துக்கு 325. நாமே மூன்றாண்டுகளாக இக்கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருமுறையும் நமக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து ரூபாய்க்காக விவசாயி மகனின் தேநீரில் மாதம் மூன்று நாள் குறைக்கப்பட்டது.

இன்னொருவன் கேட்டான்: "ஞாயிறு காணிக்கையைக் கணக்கில் எழுதணுமா?" குறும்பாகக் கேட்டானா, கூச்சத்தோடு கேட்டானா என்று தெரியவில்லை. எழுத வேண்டும் என்றோம். ஐந்து ரூபாயானாலும் முதலில் எழுத வேண்டும். ஆனால் தட்டில் போடுவதற்காக எவரிடமும் கைமாற்று வாங்கக் கூடாது. காணிக்கை போட முடியாத வாரத்தில் தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்காரலாம். இதைப் பங்குத்தந்தையே சொல்கிறாரே என்று சில வாசகர்கள் வியக்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும்.

நான்கு மணியளவில், திருப்பூரிலிருந்து பேருந்தேறி வந்த ஓர் இளைஞன் பசிலிக்கா வாயிலில் வந்து நின்றான். நாமே அவனை வரச் சொல்லியிருந்தோம். இந்தப் பயணம் தொடங்கக் காரணமானவன் அவன். இருபத்தெட்டு நாள் கணக்கைக் கண்டுபிடித்த மாணவியின் அண்ணன். கழுத்தை மூடிக்கொண்ட அந்தத் தாயின் மகன். தன் கதையை எழுதிக்கொள்ளலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

2022இல் அவன் இதே நகரில் இரண்டாம் ஆண்டு மாணவன். தந்தை கொத்தனார். அந்த ஆண்டு சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து பணம் கேட்க மகனுக்கு மனம் வரவில்லை. "எனக்கு ஒரு கடையில சாயங்கால வேலை கிடைச்சிருக்கு, பணம் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். வேலை கிடைக்கவில்லை. அறை வாடகைக்கு நண்பர்களிடம் வாங்கினான். நண்பன் ஒருவனுடைய பிறந்த நாள் விருந்துக்கு 600 ரூபாய் பங்கு கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அதையும் வாங்கிக் கொடுத்தான். பின்பு கைப்பேசிச் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்டான். கைக்கு வந்தது 3,200. ஏழாம் நாள் கட்ட வேண்டியது 5,000.

பிள்ளைகளைக் கணக்கிடச் சொன்னான். 3,200க்கு ஒரு வாரத்தில் 1,800 வட்டி. நூற்றுக்கு ஐம்பத்தாறுக்கு மேல். நம் ஊரில் மூன்று வட்டி என்றாலே, அதாவது மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றாலே, வாங்கியவரைப் பார்த்து இரக்கப்படுவார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. இவனோ முதல் செயலிக்குக் கட்ட இரண்டாவதிலும், இரண்டாவதற்குக் கட்ட மூன்றாவதிலும் வாங்கினான். இரண்டு மாதத்தில் ஆறு.

கட்டத் தவறியதும், அவனுடைய கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அவன் படத்தோடு திருடன் என்று செய்தி பறந்தது. அந்த எண்களில் ஒன்று நம்முடையது.

அன்பு வாசகர்களே, இனிச் சொல்வதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நாம் அவனைப் பங்கு இல்லத்துக்கு வரவழைத்தோம். ஒரு மணி நேரம் பேசினோம். குடும்ப மானம், பெற்றோர் வியர்வை, பங்கின் பெயர், ஊதாரி மைந்தன் உவமை, எல்லாம் சொன்னோம். எவ்வளவு கடன் என்று கேட்கவில்லை. அவன் தலை குனிந்தபடி கேட்டுவிட்டு, அந்த வாரமே படிப்பை விட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய மொத்தக் கடன் 13,400 ரூபாய் என்பது பல மாதங்களுக்குப் பின் நமக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு நம் ஆலயத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு அதைவிட அதிகம் செலவானது. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைப் பெட்டியிலும் அப்போது பணம் இருந்தது. 1833இல் பாரிஸ் நகரில் அச்சபையைத் தொடங்கியவர்களுள் முதன்மையான பிரெடெரிக் ஓசானாம் இருபதே வயதான கல்லூரி மாணவர் என்று நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஒரு கல்லூரி மாணவன் அச்சபையை நாடி வரக்கூடிய வழியை நாம் திறந்து வைத்திருக்கவில்லை.

அவன் பேசி முடித்தபோது பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: "கணக்கு எழுதாததாலதான் கெட்டேன்னு சொல்லமாட்டேன். எழுதினேன். யார்கிட்டயும் காட்டல." பின்பு தாயின் பக்கம் திரும்பாமலேயே, "வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னது பொய்ம்மா" என்றான். மூன்று ஆண்டுகளாகத் தாய் அதை உண்மையென்றே நம்பியிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து சென்று, மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தார்.

அவன் உண்ணும்போது, பிள்ளைகளுக்கு நாம் சிலவற்றைச் சொல்லி எழுத வைத்தோம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, கடன் தரும் செயலிகள் வாங்குபவரின் கைப்பேசியிலுள்ள எண்களின் பட்டியலைத் தொடக் கூடாது. ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை முன்னரே எழுத்தில் காட்ட வேண்டும். மிரட்டல் வந்தால் 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். அதற்கு முன்னரே பங்கு இல்லத்துக்கு வரலாம். எவ்வளவு என்பதையே முதலில் கேட்போம் என்றும் எழுதச் சொன்னோம். மாதக் கடைசி ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின், நோட்டைக் கொண்டுவந்து பெற்றோரில் ஒருவரிடமாவது காட்ட வேண்டும் என்பது 2023 முதல் நம் பங்கில் நடைமுறையாயிருக்கிறது. நம்மிடம் காட்ட வேண்டியதில்லை. முதல் ஆண்டு எழுவர் எழுதினார்கள். கடைசிவரை காட்டியவர்கள் மூவர். குறைவுதான். மறைக்காமல் சொல்கிறோம்.

பெற்றோர்களிடமும் ஒன்று சொன்னோம். அதை அவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. பிள்ளைக்குக் கவலை தெரியக்கூடாதென்று வீட்டு வருமானத்தையும் கடனையும் மறைக்கிறீர்கள். பிள்ளையும் உங்களுக்குக் கவலை தெரியக்கூடாதென்று தன் செலவை மறைக்கிறது. இரு பக்கமும் அன்புதான். ஆயினும், இரண்டு பாதிகளும் சேராமல் கணக்கு எப்படி முடியும்?

சத்திரம் பேருந்து நிலையத்தில் இளைஞன் நம்மை வழியனுப்பினான். விவசாயி இன்னும் சுண்ணாம்பு விலை கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்தில் பிள்ளைகள் அன்றைய செலவைக் கூட்டினார்கள். இருவருக்குச் சரியாக வந்தது, ஒருவனுக்குப் பன்னிரண்டு ரூபாய் உதைத்தது. தேநீராக இருக்கும் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

நமக்கு முன் இருக்கையில் தாயும் மகளும் அமர்ந்திருந்தார்கள். காவிரிப் பாலத்தில் மகள் கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டுக்கு மாசம் எவ்வளவு வருது?" தாய் பதில் சொல்லவில்லை. திருவானைக்காவல் தாண்டியது; நெரிசலில் பேருந்து நின்று நின்று சென்றது. மகள் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு காத்திருந்தாள். கொள்ளிடத்தின் மணல்வெளி இருட்டில் தொடங்கியபோது, தாய் குனிந்து மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார். நாம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.